ரெண்டு தடவை கூப்பிட்டேன்

இல்லைங்க சார், இடிக்கலை. தாராளமா உட்காருங்க. இதை நான் மடியிலயே வெச்சுக்குவேன். மேல வெச்சா பஸ் குலுங்கற குலுக்கலுக்கு ஆடும். உள்ள இருக்கறது சின்ன சாமான்தான், உள்ளங்கை அகலம். ஆனா அடிபடக் கூடாது. வெறுங்கையால தொடவும் கூடாது. நம்ம உடம்புல இருக்கற கரண்ட்டே அதைக் கெடுத்துடும். நம்ம உடம்புலயும் கரண்ட் இருக்குதுங்க சார். நமக்குத் தெரியறதில்ல, அவ்வளவுதான்.

எம்பேரு நல்லுசாமி. நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லுல எலக்ட்ரீஷியன். பல்லடத்துல எங்க முதலாளிக்கு இன்னொரு மில்லு இருக்குது, அங்க இதை மாட்டறதுக்குத்தான் போறேன். இது மூணாவது. முதல்ல மாட்டினது எங்க மில்லுல, போன வருஷம் சித்திரையில. அடுத்தது உடுமலையில. ரெண்டும் நல்லா வேலை செய்யுது. ஒரு நாள் கூட நின்னதில்ல.

என்ன சாமான்னா, எப்படிச் சொல்றது. மில்லுல பேனல் ரூம்னு ஒண்ணு இருக்குது. அங்க பீரோ மாதிரி ஒரு இரும்புப் பெட்டி, அதுக்குள்ள ஒரு கண்ட்ரோலர். எந்த மோட்டார் எப்ப ஓடணும், எப்ப நிக்கணும், மக்காச்சோளம் எத்தனை கிலோ விழணும், சோயா எத்தனை கிலோ, எல்லாம் அதுதான் சொல்லும். அது பாட்டுக்குத் தனியா இருந்துச்சு. இந்த மாட்யூலை அதுக்குப் பக்கத்துல சொருகிட்டா நெட்டுல பேச ஆரம்பிச்சுடும். முதலாளி கோயமுத்தூர்ல வீட்டுல உட்கார்ந்துட்டு போன்லயே மில்லைப் பார்க்கலாம். பார்க்கறது மட்டுமில்ல, ஓட்டவும் செய்யலாம்.

கோயமுத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்து மாட்டிக் கொடுக்கறதாத்தான் முதல்ல பேச்சு. நிவேதிதான்னு பேரு, இன்ஜினியர். அதுக்கு அப்ப வேற ஒரு இடத்துல வேலை வந்துடுச்சு. “அண்ணா, நீங்களே மாட்டிடுங்க, நான் இங்கிருந்து புரோகிராம் போட்டுடறேன்”னு போன்ல சொல்லுச்சு. மாட்டற முறை போட்ட புஸ்தகமும் அனுப்பி வெச்சுச்சு.

நான் பத்தாவது முடிச்சுட்டு ஐ.டி.ஐ. படிச்சவன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் விடலைங்க. சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து பத்து நாள் படிச்சேன். தெரியாத வார்த்தையை மகள்கிட்ட கேட்டு ஓரத்துல தமிழ்ல எழுதி வெச்சேன். முதல் ரெண்டு பக்கம் மட்டும் படிக்கலை. முக்கோணம் போட்டு, உள்ள ஆச்சரியக்குறி போட்டு, எச்சரிக்கை, எச்சரிக்கைன்னு இருந்துச்சு. அது எல்லா புஸ்தகத்துலயும் போடறதுதானுங்களே. வீட்டுக்கு மிக்ஸி வாங்கினாக்கூடப் போடறான். வேலை மூணாம் பக்கத்துலதான் ஆரம்பிக்குது.

ஞாயித்துக்கிழமை மாட்டறதுன்னு முடிவாச்சு. அன்னைக்கு மில்லு லீவு. நான், மேனேஜர் ஜெயபால் சார், கேட்டுல வாட்ச்மேன். அப்புறம் வையாபுரி.

வையாபுரி மிக்சர் ஆபரேட்டருங்க. பதினெட்டு வருஷமா எங்கூட இருந்தவன். ரெண்டு பேருக்கும் ஒரே ஊரு, ஒரே வண்டியிலதான் வருவோம், போவோம். ஒரு வாரம் நான் ஓட்டுவேன், ஒரு வாரம் அவன். பேச்சு அதிகம் இருக்காது. அவன் பின்னால உட்கார்ந்தா ஆள் இருக்கறதே தெரியாது.

மிக்சர்னா பெரிய இரும்புத் தொட்டிங்க சார். ஆள் உள்ள இறங்கி நிக்கலாம், இடுப்புக்கு மேல வரும். நடுவுல ஒரு தண்டு, அதைச் சுத்தி ரிப்பன் மாதிரி இரும்புப் பட்டை. எண்ணெயும் கருவாட்டுத் தூளும் சேர்ந்து அந்தப் பட்டையில அப்பிக்கும். மாசம் ஒரு தடவை உள்ள இறங்கிச் சுரண்டணும். மிஷின் நிக்கற நாள்லதான் அதைச் செய்ய முடியும். அதனால அவனும் அந்த ஞாயித்துக்கிழமை வந்திருந்தான்.

அவனுக்கு ஒரு பழக்கம். உள்ள இறங்கறதுக்கு முன்னால பேனலைத் திறந்து மிக்சர் மோட்டாரோட மூணு ஃபியூஸையும் உருவிப் பேண்ட் பாக்கெட்டுல போட்டுக்குவான். சுரண்டி முடிச்சு, குளிச்சுட்டு வந்துதான் திருப்பிக் கொடுப்பான். “அது பாக்கெட்டுல கனமா இருந்தாத்தான் எனக்குக் கால் உள்ள இறங்கும்”னு சொல்லுவான். மில்லுல சட்டமும் அதுதான். செவுத்துல எழுதியே ஒட்டியிருக்குது.

அன்னைக்கும் வந்தான். அப்ப நான் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டுட்டு, பேனலைத் திறந்து வெச்சுட்டு நிக்கறேன்.

“நல்லு, ஃபியூஸைக் கழட்டிக்கறேன். கொஞ்சம் தள்ளிக்க”ன்னான்.

“உள்ள ஒயரெல்லாம் பிரிச்சு வெச்சிருக்கறேன்டா, கையை விடாத. மெயினே ஆஃப். எம் பூட்டு தொங்குது பாரு. சாவி என் இடுப்புல இருக்குது. நீ போ.”

பூட்டைப் பார்த்தான்.

“நீ பார்த்துக்கறயா?”

“பார்த்துக்கறேன் போடா.”

போயிட்டான்.

நான் வேலையை ஆரம்பிச்சேன். மீட்டர் வெச்சுக் கரண்ட் இல்லைன்னு பார்த்தேன். ஒரு தடவை இல்லைங்க, மூணு இடத்துல பார்த்தேன். உடம்புக் கரண்ட் இறங்கறதுக்கு மணிக்கட்டுல பட்டையைக் கட்டி, அதோட ஒயரை எர்த்துல மாட்டினேன். மாட்யூலை ஓரத்துல பிடிச்சுத்தான் எடுத்தேன், பின்னைத் தொடலை. கண்ட்ரோலரோட பக்கவாட்டு மூடியைக் கழட்டி, நேரா வெச்சு, சரிசமமா அழுத்தினேன். டிக்குன்னு ஒரு சத்தம் வரணும்னு புஸ்தகத்துல இருக்குது. வந்துச்சு. திருகாணியை அளவாத்தான் முறுக்கினேன். நெட்டு ஒயரைக் கரண்ட் ஒயரோட சேர்த்துக் கொண்டு போகக் கூடாது, அதனால தனிப் பாதையா வளைச்சு எடுத்தேன். எல்லாத்தையும் முடிச்சுட்டு முதல்ல இருந்து மறுபடி ஒரு தடவை சரி பார்த்தேன். நீங்க யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து காட்டுங்க, அந்த மாட்யூலை மாட்டினதுல ஒரு குறை சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை, ஒருத்தரும்.

மணி பதினொண்ணு இருக்கும். ஜெயபால் சார் வந்து, “முதலாளி லைன்ல இருக்கார், இன்னும் எவ்வளவு நேரம்?”னு கேட்டார். “முடிஞ்சுதுங்க சார்”னேன். பூட்டைத் திறந்தேன். மெயினை ஏத்தினேன்.

வையாபுரியை நான் கூப்பிடலைங்க. எதுக்குக் கூப்பிடணும்? பத்தரைக்கு அவன் டீக்குப் போற நேரம். பதினெட்டு வருஷமா பத்தரைக்குப் போறவன். போயிருப்பான்னு நினைச்சேன். நினைச்சேன்னு கூடச் சொல்ல முடியாது, மனசுல அப்படி இருந்துச்சு. பேனல் ரூம் கதவுல கண்ணாடி இருக்குது, அது வழியாப் பார்த்தா மிக்சர் ஏணி தெரியும். ஏணிக்குக் கீழ அவன் செருப்பு கிடந்துச்சு. பார்த்தேன். அது எப்பவும் கிடக்கறதுதான். அவன் வெறுங்காலோடயே எங்கயும் போவான்.

மாட்யூல்ல பச்சை லைட் வந்துச்சு. முதல் தடவையே. சாதாரணமா வராதாம், நிவேதிதா பொண்ணே சொல்லுச்சு. “சூப்பர் அண்ணா, எனக்கு இங்க தெரியுது”ன்னுச்சு. போனை ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வெச்சிருந்தேன். அது அங்கிருந்தே புரோகிராம் போட்டுச்சு. பத்து நிமிஷம் ஆச்சு. அப்புறம், “அண்ணா, போன்ல இருந்து ஸ்டார்ட் கொடுத்தா எடுக்குதான்னு ஒரு தடவை பார்த்துடலாம். மிக்சரை மட்டும் நாலு செகண்டு ஓட்டறேன். அங்க யாரும் இல்லையே? போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க”ன்னுச்சு.

“யாரும் இல்லை மேடம். இன்னைக்கு லீவு”ன்னேன்.

மோட்டார் கிளம்பற சத்தம் எனக்கு நல்லாத் தெரியுங்க சார். தொட்டி காலியா இருந்தா ஒரு மாதிரி கிளம்பும். உள்ள சரக்கு இருந்தா வேற மாதிரி, கொஞ்சம் முக்கிட்டுக் கிளம்பும். தொட்டி காலிதான் அன்னைக்கு. ஆனா முக்கிட்டுக் கிளம்புச்சு.

நான் மெயினை இறக்கிட்டேன். நாலு செகண்டு கூட முழுசா ஓடியிருக்காது, அதுக்குள்ள இறக்கிட்டேன். அதை யாரும் சொல்றதில்ல. இறக்கினது நான்தானுங்க.

மேஜை மேல அந்தப் பொண்ணு, “அண்ணா, ஓடுச்சா? ஓடுச்சான்னு சொல்லுங்க அண்ணா”ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

வலது கால். சேலத்துல ஆஸ்பத்திரியில முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க.

தொட்டிக்கு ஒரு மூடி இருக்குது. மூடி திறந்திருந்தா மோட்டார் ஓடக் கூடாது, அதுக்குன்னே ஒரு சுவிட்ச். அது கெட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. சரக்கு அவசரம்னு ஜெயபால் சார் சொன்னதால ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி, மூடி திறந்திருந்தாலும் ஓடற மாதிரி விட்டிருந்தேன். புதுசு எழுதிக் கேட்டிருந்தேன், வரலை. அது என் கையில இல்லாத விஷயம்.

ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். ரெண்டு நாள் இருந்தார். என்னைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேட்டார். மரியாதையாத்தான் கேட்டார்.

“மாட்டறப்ப மெயினை ஆஃப் பண்ணினீங்களா?”

“பண்ணினேன் சார். பூட்டும் போட்டேன்.”

“வையாபுரி ஃபியூஸைக் கழட்டினாரா?”

“இல்லைங்க சார்.”

“கழட்டணும்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியுங்க சார். பதினெட்டு வருஷமாக் கழட்டறவர்.”

இதுல ஒரு வார்த்தை பொய் இருக்குதுங்களா, நீங்களே சொல்லுங்க. அவன் என்கிட்ட வந்து கேட்டானான்னு அவர் கேட்கலை. கேட்காததை நான் எதுக்குச் சொல்லணும்? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கறேன்.

அப்புறம் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வையாபுரிகிட்டயும் எழுதி வாங்கியிருக்கார். அவன் என்ன சொன்னான்னு நினைக்கறீங்க? “என் தப்புதானுங்க, நான்தான் கவனிக்கலை”ன்னு சொல்லியிருக்கான். அவனே சொல்லிட்டானுங்க. கால் போனவனே சொல்றான். அதுக்கு மேல யாரு என்ன பேச முடியும்? ரிப்போர்ட்டுல அப்படித்தான் வந்துச்சு, தொழிலாளியின் கவனக்குறைவுன்னு. மூடி சுவிட்சுக்கு மட்டும் மில்லுக்கு நோட்டீஸ் வந்துச்சு. ரிப்போர்ட்டு அப்படி இருக்கறதால அவனுக்கு வேற வேலை எதுவும் தர முடியாதுன்னு ஜெயபால் சார் சொல்லிட்டார். எடைமேடையில உட்கார வைக்கலாம்னு ஒரு பேச்சு இருந்துச்சு. அதுவும் நின்னு போச்சு.

அந்த நிவேதிதா பொண்ணு வேலையை விட்டுட்டுப் போயிடுச்சாம். எதுக்குன்னு தெரியலை. கெட்டிக்காரப் பொண்ணு.

எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. மறுநாள் வேலைக்குப் போனேன். சாப்பாடு இறங்குச்சு, தூக்கம் வந்துச்சு. வீட்டுல பயந்து பயந்து என் முகத்தைப் பார்ப்பாங்க. நான் நல்லாத்தான் இருந்தேன். வண்டியில பின்னால ஆள் இல்லாதது மட்டும்தான். அதுகூட, அவன் இருந்தப்பவும் இருக்கறது தெரியாதுன்னு சொன்னேன் இல்லைங்களா, அதனால பெருசா வித்தியாசம் இல்லை.

எனக்கு ஒரே ஒரு வருத்தம் சார். முன்னெல்லாம் மில்லுல எந்த வேலைன்னாலும், “நல்லுசாமி பூட்டுப் போட்டுட்டாரா?”ன்னு கேட்பாங்க. ஆமான்னா போதும், இறங்கிடுவாங்க. இப்ப நான் பூட்டுப் போட்டாலும், ஆளாளுக்கு வந்து அதுக்குப் பக்கத்துலயே அவங்கவங்க பூட்டை மாட்டறாங்க. அதுக்குன்னே ஆறு ஓட்டை வெச்ச ஒரு கொக்கி வாங்கியிருக்காங்க. போன மாசம் பார்க்கறேன், அஞ்சு பூட்டு தொங்குது. கூட்டறதுக்கு வர்ற அம்மா கூட ஒரு பூட்டு வெச்சிருக்குது. இருபத்திரண்டு வருஷம் சார். என் பூட்டு போதாதுங்களா? மாட்டிக்கட்டும்.

அவனைப் பார்க்கப் போனீங்களான்னு கேட்கறீங்க. போனேன். உடனே போகலை. ஆஸ்பத்திரிக்குப் போகலை. அவன் வீட்டுக்கு வந்தப்புறம், அடிபட்டு நாலு மாசம் கழிச்சு, ஆவணியில போனேன். ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன்.

அவன் சம்சாரம் பாவாயி வாசல்ல துணி காயப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பார்த்துட்டு, “வாங்கண்ணா”ன்னு சொல்லுச்சு. முகத்தைப் பார்த்துச் சொல்லலை. உள்ள கட்டில்ல அவன் உட்கார்ந்திருந்தான். லுங்கி ஒரு பக்கம் தட்டையா மடிஞ்சு கிடந்துச்சு. நான் அந்தப் பக்கம் பார்க்கலை.

“வாடா நல்லு”ன்னான். சிரிச்சான். நல்லாவே சிரிச்சான்.

மில்லைப் பத்திக் கேட்டான். மிக்சர்ல இப்ப யாரு, மாட்யூல் எப்படி ஓடுதுன்னு கேட்டான். “நல்லா ஓடுது”ன்னேன். “நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்”னான். பாவாயி டீ கொண்டாந்து வெச்சுட்டு அங்கயே கதவோரமா நின்னுக்கிச்சு.

அப்புறம் அவன் கொஞ்சம் குனிஞ்சு, மெதுவா, “நல்லு, உன்னை ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன்”னான்.

நான் டீயைக் கீழ வெச்சேன்.

“அன்னைக்கு நீ மெயின் போடறதுக்கு முன்னால எத்தனை தடவை கூப்பிட்டே?”

நான் டம்ளரை மறுபடி கையில எடுத்தேன்.

“நீ கூப்பிட்டிருப்பே. எனக்குத் தெரியாதா உன்னை? பார்த்துக்கறேன்னு சொன்னவன் கூப்பிடாம போடுவியா? எனக்குத்தான் கேட்கலை. உள்ள சுரண்டற சத்தம் வேற. பதினெட்டு வருஷம் அந்த மிஷின் பக்கத்துலயே நின்னதுல காது மந்தமாயிடுச்சு போல, எனக்கே தெரியாம. அதைத்தான் இன்ஸ்பெக்டர்கிட்டயும், என் தப்புதான்னு சொன்னேன். உன்னை எதுக்கு இழுக்கறது? ஆனா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப எல்லாம் இதே நினைப்புதான். ஒரு தடவை கூப்பிட்டானா, ரெண்டு தடவை கூப்பிட்டானா? ரெண்டு தடவை கூப்பிட்டும் கேட்கலைன்னா காது சுத்தமாப் போச்சுன்னு அர்த்தம். வேற ஒண்ணுமில்ல, அது தெரிஞ்சா மனசு ஆறிடும்.”

பாவாயி என்னையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. வந்ததுல இருந்து அப்பத்தான் முதல் தடவையா என் முகத்தைப் பார்த்துச்சு.

“ரெண்டு தடவை கூப்பிட்டேன்”னு சொன்னேன்.

“அதானே”ன்னான் வையாபுரி. பெருசா மூச்சு விட்டான். பாவாயி பக்கம் திரும்பி, “நான் சொன்னேன் பார்த்தியா?”ன்னான்.

நீங்க என்ன பண்ணியிருப்பீங்க சார் அந்த இடத்துல? மனசு ஆறிடும்னு அவன் வாயாலயே சொல்றான். ஆறட்டும்னு சொன்னேன். அவனுக்காகத்தான். அன்னைக்கு அவன் எவ்வளவு நிம்மதியா இருந்தான் தெரியுங்களா? ஒரு ஆப்பிளை அறுத்துப் பாதி எனக்குக் கொடுத்தான். தின்னுட்டுத்தான் வந்தேன்.

அதுக்கப்புறம் நான் போகலை. வேலை சரியா இருந்துச்சு. உடுமலை மாட்யூல், அது இதுன்னு.

போன புதன்கிழமை மத்தியானம் பாவாயி போன் பண்ணுச்சு. அது எனக்குப் போன் பண்ணினதே இல்லை. நான் பேனல் ரூமுல இருந்தேன்.

“அண்ணா, காது டாக்டர்கிட்ட இவரைக் கூட்டிட்டுப் போனேன்”ன்னுச்சு. “இவருதான் ஒரு வருஷமாப் போகணும், போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். காதுல மாட்டற மிஷின் ஏதாவது இருந்தா வாங்கிக்கலாம்னு. கண்ணாடி ரூமுல உட்கார வெச்சு, காதுல மாட்டி, சின்னச் சின்னச் சத்தமா விட்டுப் பார்த்தாங்க.”

“என்ன சொன்னாங்கம்மா?”

“காது நல்லாருக்குதாம். மில்லுல வேலை செஞ்ச ஆளுக்கு இந்தளவு நல்லா இருக்கறது ஆச்சரியம்னாங்க. பக்கத்து ரூமுல மெதுவாப் பேசினாக்கூட இவருக்குக் கேட்குமாம்.”

“அப்படிங்களா? நல்ல விஷயம்தானேம்மா”ன்னேன்.

பாவாயி போனை வைக்கலை. மூச்சு மட்டும் கேட்டுச்சு. நானும் வைக்காம நின்னேன், எவ்வளவு நேரம்னு தெரியலை. அப்ப அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி வையாபுரியோட குரல் கேட்டுச்சு. சத்தம் போட்டுப் பேசலைங்க, எப்பவும் பேசற மாதிரிதான்.

“நல்லு என்ன சொல்றான்?”னு கேட்டான்.